மழைக்குள் ஒரு புள்ளி

மழை முதலில் ரேடாரில்தான் வந்தது. வெளியே வானம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது, காலை வெயில்கூட ஏறியிருந்தது, ஆனால் திரையின் மேல்விளிம்பில் சோற்றில் ரசம் இறங்குவதுபோல ஒரு மஞ்சள் கறை பரவி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கீழே இறங்கி, நடுவில் இருந்த புள்ளியை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்த நடுப்புள்ளிதான் இவர்கள். ஆழ்கடலில் சூரை மீன் பிடித்துவிட்டுக் குளச்சலுக்குத் திரும்பும் விசைப்படகு, அதன் வீல்ஹவுசில் டிரைவர் எடில்பர்ட், படகின் முன்முனையான அணியத்தில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வியாகுலம், மற்றவர்கள் கீழே தூக்கம். கரை இன்னும் கண்ணில் படவில்லை, திரையில் மட்டும் தடித்த கோடாகக் கிடந்தது. வீடு வருகிறது என்றதும் எப்போதும் வருகிற இளக்கம் எடில்பர்ட்டுக்கு இந்தத் தடவை வரவில்லை. தொண்டையில் மீன்முள் மாட்டினதுபோல ஏதோ நின்றது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்காத முள். கிளம்பின நாளில் இருந்து அது அங்கேயேதான் நிற்கிறது. ஏன் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே வேறு எதையாவது நினைக்கிறான், ஐஸ் எவ்வளவு உருகியிருக்கும், எஞ்சினில் அந்தக் கரகரப்பு என்ன, ஊரில் இப்போது என்ன காற்று, நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியில் முதல் துளிகள் விழுந்தன, பிறகு துளி என்று சொல்ல முடியாதபடி மொத்தமாக விழுந்தது, அணியத்தில் நின்ற வியாகுலத்தின் முதுகே கரைந்துபோனது.

மழைக்குள் நுழைந்ததும் திரை முழுக்கப் புள்ளிகள். எது மழை, எது அலை, எது படகு, ஒன்றும் பிடிபடவில்லை, பெருநாள் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடுகிற மாதிரி. கை தானாகவே மழைப் புள்ளிகளைத் துடைக்கிற மழைத் திருகுக்குப் போனது. திருகத் திருகக் கறை பின்வாங்கிக் கழுவிய தட்டுபோலத் திரை சுத்தமானது. அப்பாடா என்று இருந்தது. முன்னால் ஒன்றுமே இல்லை, கரைவரைக்கும் காலிக் கடல். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. ரேடாரைப் பொருத்த வந்த மெக்கானிக் இதே இடத்தில் நின்று சொன்னது காதில் விழுந்தது. "அண்ணே, இதை ரொம்பத் திருகாதீங்க. மழையைத் துடைச்சா சின்னப் படகையும் சேத்துத் துடைச்சிரும். பாக்க நல்லா இருக்கும், அவ்வளவுதான்." பாக்க நல்லா இருக்கும். எடில்பர்ட் திருகைத் திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவந்தான். புள்ளிகள் கொப்புளித்துக்கொண்டு வந்தன. வரட்டும். இரும்புக் கப்பல் என்றால் எந்த மழையிலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், சுவரில் அடித்த பந்துபோலத் திரும்பி வரும். ஃபைபர் வள்ளம் அப்படி இல்லை. கொஞ்ச நேரம் தெரியும், கொஞ்ச நேரம் தெரியாது, தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும். இப்போது கணவாய் மீன் சீசன். சின்ன வள்ளங்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான் தூண்டில் போட்டுக்கொண்டு கிடக்கும். அவனும் இங்கேதான் கிடப்பான். எவன்? பெயரைச் சொல்லு. நினைப்பில்கூட அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்து பழகிவிட்டது. ரீகன். எனக்க மவ ஜெனிலாவுக்க மாப்பிள்ளை ரீகன்.

வேகத்தைக் குறைத்தான். எஞ்சின் முனகியது. ஒரு கண் திரையில், ஒரு கண் கண்ணாடியில், துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது, அது ஒதுக்கிய இடத்தில் அடுத்த நொடியே தண்ணீர். தம்பி லூர்தன் போனதும் ஒரு காலையில்தான். மழைகூட இல்லை, வெறும் மூடல், பால் காய்ச்சும்போது எழும்புகிற ஆவி மாதிரி. அவனும் ஃபைபர்தான், அவனும் கணவாய்தான். ஒரு கப்பல் வள்ளத்தின்மேல் ஏறிப் போய்விட்டது. எந்தக் கப்பல், யாருடையது, எந்த நாடு, கடைசிவரை தெரியவில்லை. வள்ளத்தின் பின்பாதி மட்டும் கிடைத்தது, கத்தி வைத்து வெட்டிய பப்பாளி மாதிரி அவ்வளவு நேராக. கூட இருந்து நீந்திப் பிழைத்தவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு சொன்னான், கத்தினோம் அண்ணா, சட்டையைக் கழற்றி வீசினோம், மேலே ஒரு முகம்கூட இல்லை, சுவர் வருவதுபோல வந்தது. அந்தச் சுவர் எடில்பர்ட்டுக்குள் வந்து நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. உடல் கிடைக்காமல் லூர்தனுடைய பெருநாள் சட்டையையும் வேட்டியையும் பெட்டிக்குள் வைத்து அடக்கம் பண்ணினார்கள். தம்பி பெண்டாட்டி அதற்குப் பிறகு கடல் பக்கத்துச் சன்னலைத் திறக்கவே இல்லை. அந்த மூடப்பட்ட சன்னலைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். போகும்போதெல்லாம் எடில்பர்ட் தன் வீட்டுச் சன்னலை நினைத்தான், மகளை நினைத்தான். படகுக்காரர்கள் கூடியிருந்தபோது எழுந்து, "ரேடார் வைக்கலன்னா நான் வீலத் தொடமாட்டேன்" என்றான். அன்றைக்கே வீட்டுக்கு வந்து மனைவி மெற்றில்டாவிடம், "ஜெனிலாவை ஒரு கடல்காரனுக்குக் குடுக்கமாட்டேன், பாத்துக்க" என்றான். இரண்டும் ஒரே வாயில் வந்தவை, ஒரே பயத்தில் வந்தவை. ரேடார் வந்தது. எத்தனையோ மூடல்களில் எத்தனையோ கப்பல்களை அது முன்கூட்டியே காட்டிக்கொடுத்து, இவன் விலகி விலகிப் போயிருக்கிறான், மற்ற பேச்சு மட்டும்.

மற்ற பேச்சு நிலைக்கவில்லை. நர்சிங் படித்த பிள்ளை, நாகர்கோவிலில் வேலை பார்க்கிறவள், எங்கே போய்ப் பார்த்தாளோ, பக்கத்து ஊர் ஃபைபர்காரனைப் பார்த்துவிட்டாள். "அவிய நல்லவிய அப்பா." நல்லவன்தான். உனக்க சித்தப்பனும் நல்லவன்தான். "நீங்களும் கடலுக்குத்தான போறீங்க? அம்மை உங்களைக் கெட்டலியா?" என்று அவள் கேட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். எனக்குப் பயமா இருக்கு மக்ளே என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான், நாலு சொல். அது வாயில் வரவில்லை, வந்ததெல்லாம் வேறு. இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத, அப்பன் செத்தான்னு நெனச்சுக்க, இந்த மாதிரி. கல்யாணம் ரீகனுடைய ஊர்க் கோயிலில் நடந்தது. மெற்றில்டா ஒற்றையாகப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஆட்டோவில் போனாள். இவன் கடலில் இருந்தான், காற்றுச் சரியில்லை என்று மற்றப் படகுகள் எல்லாம் கட்டிக்கிடந்த வாரத்தில். அதற்குப் பிறகு மகளோடு ஒரு பேச்சு இல்லை, ஒரு போன் இல்லை. மெற்றில்டா அடுக்களையில் நின்று பேசுவாள், இவனுக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுவாள். இவன் முன்னறையில் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், கேட்க வேண்டும் என்று. அப்படித்தான் தெரியும், ஜெனிலா உண்டாயிருக்கிறாள். குழாய்த் தண்ணீர் சத்தத்துக்கு நடுவில், யாரும் அவனிடம் சொல்லாமல், ஒரு திருடன்போலத் தெரிந்துகொண்டான். மெற்றில்டா வெளியே வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சேனலை மாற்றினான்.

முள் இப்போது அசைந்தது. கிளம்புகிற அன்று, துறைமுகத்தில், ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த சமயம். நினைக்காதே, வீலைப் பாரு. ரீகன் வந்து கீழே படகு கட்டுகிற பாலத்தில் நின்றான். மெலிந்துதான் இருக்கிறான், லூர்தன்போலவே தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு நிற்கிறான், அது யாருடைய குற்றம். "மாமா." இவன் ஐஸ்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, ஒரு விசயம் கேக்கணும். மழையில, மூடல்ல, உங்க ரேடார்ல எங்க ஃபைபர் வள்ளம் தெரியுமா? தெரியாதுன்னா என்ன செய்யணும்? அவ ரொம்பப் பயப்படுதா, அதான்." மகளைக் கட்டினவன் மாமனாரிடம் வாயைத் திறந்து கேட்ட ஒரே கேள்வி. எதுவும் தா என்று கேட்கவில்லை, மன்னிச்சுக்கோ என்றுகூடக் கேட்கவில்லை, உங்க கண்ணுக்கு நான் தெரிவேனா என்று கேட்டான். பதில் இவனுக்கு நாக்கு நுனியில் இருந்தது. பாதி நேரம்தான் தெரிவ மக்கா, ஃபைபர் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பாது, கம்பு நட்டு அதுக்க உச்சியில தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமா வச்சுக் கட்டு, அதுக்குன்னே ரெடியாவும் விக்கிறான், அது இருந்தா தூரத்திலயே உன்னை நான் பார்ப்பேன். இவ்வளவுதான் பதில். ஐஸ் தள்ளுகிறவர்களைப் பார்த்து, "வேகமாத் தள்ளுங்கலே, உருகுதுல்லா" என்று கத்தினான். ரீகன் தலையாட்டிவிட்டு, இவன் ஏதோ சொல்லியதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனான். கயிறு சுருட்டிக்கொண்டிருந்த வியாகுலம் நிமிர்ந்து, "ஒரு வார்த்தை சொன்னா உனக்க வாயி தேஞ்சா போவும் எடில்பர்ட்டு?" என்றான். அந்த வாய்தான் இப்போது மழைக்குள் உலர்ந்து கிடக்கிறது.

புள்ளி. அங்கே, முன்னால், கொஞ்சம் இடப்பக்கம். இருந்தது, அடுத்த சுற்றில் இல்லை. அலையாக இருக்கும். அதற்கடுத்த சுற்றில் இருந்தது, அதே இடத்தில். அலை என்றால் ஒரே இடத்தில் இரண்டு தடவை வராது, குதித்துக் குதித்து வேறு வேறு இடத்தில் வரும். எடில்பர்ட் திரையில் தூரத்தைச் சுருக்கிக் கிட்டத்துக் கடலைப் பெரிதாக்கினான். இல்லை. இல்லை. இருக்கிறது. ஆரனை அழுத்தினான், நீளமாக. கதவைத் திறந்து, மழை முகத்தில் அறைய, "வியாகுலம், இடப்பக்கம் ஏதோ கிடக்கு, பாரு!" என்று கத்தினான். "ஒண்ணும் தெரியல, ஒரே வெள்ளை!" என்று எங்கிருந்தோ குரல் வந்தது. வயர்லெசில் கூப்பிட்டான், முன்னால கிடக்கிற வள்ளம் யாரு, பேசுங்க. இரைச்சல். ஃபைபர்காரன் எல்லோரிடமும் வயர்லெஸ் எங்கே இருக்கிறது. மிதக்கிற மரமாக இருக்கலாம், டிரம்மாக இருக்கலாம், வலையின் மிதவை இருக்கலாம், மாதாவே, டிரம்மாக இருக்கட்டும். அவனாக இருக்காது. இத்தனை வள்ளம் கிடக்கிற கடலில் அவனாகவே ஏன் இருக்க வேண்டும். வேறு எவனாவது இருந்தால் பரவாயில்லையா, வேறு எவனுக்கும் பெண்டாட்டி இல்லையா, அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டான், வெட்கப்படும்போதே மறுபடியும் அதையே வேண்டினான். மழைத் திருகை விரல் நுனியால் தொட்டான், கொஞ்சம், கொஞ்சம்தான், புள்ளி மறைந்தது, பயந்து விட்டுவிட்டான், புள்ளி வந்தது. இப்போது நடுவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நடுவுக்கு மிகக் கிட்டே வந்தால் இந்த ரேடாருக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளையாகக் கலங்கிவிடும். தூரத்தில் இருப்பதை எல்லாம் காட்டும், காலடியில் கிடப்பதைக் காட்டாது. புள்ளி அந்த வெள்ளைக்குள் போனது. போய்விட்டது. இனி திரை இல்லை. நியூட்ரலுக்குத் தள்ளினான், பிறகு எஞ்சினையே நிறுத்தினான். படகு பழைய வேகத்தில் தானே வழுக்கிக்கொண்டு போகிறது, மழை மரத்தட்டில் பொரிகிறது, காதைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றான். லூர்தா என்று வாய் முணுமுணுத்தது, ஏன் அந்தப் பெயர் வந்தது என்று தெரியவில்லை. ஒரு சத்தம். கோயில் மணியா, இங்கே எப்படி. உலோகம், கைவேகத்தில், விடாமல், அடிக்கிறார்கள். "ஆளு! ஆளு! இடது, இடது!" என்று வியாகுலம் அலறினான். எஞ்சினைக் கிளப்பி, ரிவர்சில் போட்டு, வீலை உடைந்துபோகிற அளவுக்குத் திருப்பினான். படகு முழுவதும் நடுங்கியது. கண்ணாடிக்கு வெளியே மழை கிழிந்து ஒரு நீல வள்ளம் வந்தது, அதில் இரண்டு பேர், ஒருவன் எஞ்சின்மேல் குனிந்து கிடக்கிறான், இன்னொருவன் எழுந்து நின்று சோற்றுச் சட்டியைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருக்கிறான். கையை நீட்டினால் தொடலாம் என்ற தூரத்தில் வள்ளம் உரசாமல் போனது. நின்றவன் அண்ணாந்து பார்த்தான். மேலே கதவில் ஒரு முகம் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை அது. அந்தக் கண்கள் எடில்பர்ட்டைக் கண்டன, கண்டும் கொஞ்ச நேரம் கரண்டி அடிப்பதை நிறுத்தவில்லை. ரீகன்தான்.

வியாகுலம் கயிறு வீசி வள்ளத்தைப் பின்னால் கட்டினான். கீழே தூங்கினவர்கள் எழுந்து வந்து இரண்டு பேரையும் கைகொடுத்து ஏற்றினார்கள். ரீகனோடு வந்தவன் பாலில்லாத கட்டஞ்சாயா வாங்கிக்கொண்டு அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். ரீகன் வீல்ஹவுஸ் கதவுவரை வந்து வெளியிலேயே நின்றான், மழை அவன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தது.

"உள்ள வா."

"நனஞ்சிருக்கேன் மாமா."

"உள்ள வா மக்கா."

வந்தான். சுவரில் சாய்ந்துகொண்டான். எஞ்சினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது, ஆரன் கேட்டது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றான். எடில்பர்ட் அவன் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிக்கிறவன்போலச் சொன்னான், பாதி நேரம்தான் தெரியும், கம்பு நடணும், உச்சியில தகடு கட்டணும், நான் வந்து கட்டித் தாறேன். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ரீகன், "செரி மாமா" என்றான். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்பான் என்று எடில்பர்ட் காத்திருந்தான். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசினால் ஏச்சை வாங்கிக்கொண்டு கொஞ்சம் லேசாகியிருக்கலாம். ரீகன் சட்டைப்பையில் இருந்து போனை எடுத்து உதறினான், தண்ணீர் சொட்டியது. "போனும் போச்சு. மழையைப் பாத்துட்டு அவ பயந்துகிட்டு இருப்பா" என்றான்.

"நான் சொல்லுறேன்" என்று எடில்பர்ட் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கரை கிட்ட வந்துவிட்டது, போனில் சிக்னல் விழுந்திருந்தது. ஜெனி என்ற பெயர் அப்படியே இருக்கிறது, அழிக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை. விரல் நனைந்து வழுக்கியது. உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட எழும்பியது, அதைப் பிறகு எப்போது நினைத்தாலும் அவனுக்குக் கூசும், நல்ல செய்தியோடு போகிறோம், உனக்க மாப்பிள்ளை எனக்க பக்கத்துல நிக்கான் மக்ளே, இப்படித்தான் தொடங்க வேண்டும், அவள் சிரிப்பாள், பிறகு அழுவாள், பிறகு எல்லாம் சரியாகும் என்று மணி அடிக்கிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் கட்டிவிட்டான். மணி நின்றது. எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் ஓட்டின்மேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, அங்கேயும் அதே மழை.

"ஜெனி" என்றான்.

"அப்பா" என்றாள். மிக மெதுவாக, மிக நிதானமாக. "அவியளுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல மக்ளே, அவன் இஞ்ச..."

அதற்குள் போன் எங்கோ விழுந்தது. பிறகு அவன் கேட்டான், தன் மகள் அலறுவதை. லூர்தனின் வீட்டில் கேட்ட அதே சத்தம், அதே நீளம். ஓடி வருகிற காலடிகள், யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், பிள்ளையப் பிடி, பிள்ளையப் பிடி, வயித்தப் பாரு. அவன் போனுக்குள் கத்திக்கொண்டிருந்தான், இருக்கான், உசுரோட இருக்கான், இருக்கான். பக்கத்து வீட்டுப் பெண் யாரோ போனை எடுத்து, விம்மிக்கொண்டே, "அண்ணா, உடம்பு கெடச்சுட்டா?" என்று கேட்டாள். ரீகன் அவன் கையில் இருந்து போனைப் பிடுங்கினான். "ஜெனி, நான்தான், நான்தான் ஜெனி, பேசுறேன் கேளு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எடில்பர்ட் வீலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூப்பிடுகிறவர் பெயர் தெரிந்த உடனேயே அவள் எடுத்திருக்கிறாள். அப்பா என்று போன் திரையில் பார்த்திருக்கிறாள், பார்த்ததும் முடிவு பண்ணிவிட்டாள். கடலில் மாப்பிள்ளை, வெளியே மழை, இத்தனை காலம் கூப்பிடாத அப்பா கூப்பிடுகிறார். வேறு என்னவாக இருக்க முடியும். மரணம் ஒன்றைத் தவிர வேறு எதற்கும் இந்த ஆள் வாயைத் திறக்கமாட்டான் என்று அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது.

ரீகன் பேசி முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போனை நீட்டினான். "உங்ககிட்டப் பேசணுங்கா மாமா. வீலை நான் பிடிக்கட்டா?" எடில்பர்ட் விலகிக்கொண்டான். ரீகன் வீலைப் பிடித்துக்கொண்டு திரையைக் குனிந்து பார்க்கத் தொடங்கினான். மழை கொஞ்சம் வெளுத்திருந்தது. காதில் வைத்தபோது அவள் மூச்சு இன்னும் விக்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, அம்மைக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல மக்ளே. நல்லா இருக்கா."

"பின்ன எதுக்கு நீங்க கூப்பிட்டீங்க?"

அவன் வாயைத் திறந்தான். கடலில் எத்தனை காலைகள், கரையில் எத்தனை சாயங்காலங்கள், கையில் போன் இருந்தது, அதில் அவள் பெயர் இருந்தது.

"சும்மாதான் கூப்பிட்டேன்" என்றான்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிறவள்போல, "சும்மாவா?" என்றாள்.